உட்கார்ந்து செய்யும் வேலை

துடியலூருக்கு மேற்கே இருக்கும் அந்தக் காலனியிலிருந்து உட்கார்ந்து செய்யும் வேலைக்குப் போன முதல் ஆள் பொற்கொடி. இதை அவள் எங்கும் சொல்லிக்கொண்டதில்லை. அவளுடைய அம்மா மாசாணியம்மாள்தான் ஊர் முழுக்கச் சொன்னாள். குழாயடியில் சொன்னாள், ரேஷன் கடை வரிசையில் சொன்னாள், கேட்காதவர்களிடமும் வலியப் போய்ச் சொன்னாள். "என்ர புள்ளைக்குக் காந்திபுரத்துல கம்ப்யூட்டர் வேலைங்க. ஏசி ரூமுக்குள்ள உக்காந்துதான் வேலை." சம்பளம் எவ்வளவு என்று யாராவது கேட்டால் வாய்க்கு வந்த ஒன்றைச் சொல்லிவிட்டு, மறுபடியும் உட்காருவதற்கே வந்துவிடுவாள்.

அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. மாசாணியம்மாள் பதினோரு வயதில் தோட்டத்து வேலைக்குப் போனவள். சின்ன வெங்காயத்துக்குக் களை எடுக்கக் குனிய வேண்டும், தக்காளி பறிக்கக் குனிய வேண்டும், பொழுது சாய்ந்ததும் கூலிக்காகப் பண்ணாடி வீட்டு வாசலில் நிற்க வேண்டும். பண்ணாடி என்றால் தோட்டத்துக்குச் சொந்தக்காரர். அவர் குளித்து, சாப்பிட்டு, ஏப்பம் விட்டு வெளியே வரும்வரை நிற்க வேண்டும். வாசலில் கயிற்றுக் கட்டில் கிடக்கும், துவைக்கிற கல் கிடக்கும், கவிழ்த்துப் போட்ட சிமெண்டுத் தொட்டி கிடக்கும். எதிலும் உட்கார முடியாது. உட்காரக் கூடாது என்று யாரும் அங்கே எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருந்தால் என்றைக்காவது யாராவது அழித்துத் தொலைத்திருப்பார்கள். பொற்கொடி வயிற்றில் இருந்த ஒன்பதாம் மாதத்திலும் மாசாணியம்மாள் அந்த வாசலில் நின்றுதான் கூலி வாங்கினாள்.

கணவன் போய்ச் சேர்ந்த பிறகு ஒற்றை ஆளாக மகளைப் படிக்க வைத்தாள். ப்ளஸ் டூ முடித்த கையோடு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சேர்த்துவிட்டாள். தமிழ் லோயர், ஹையர் இரண்டிலும் பொற்கொடி முதல் வகுப்பு. அந்த இன்ஸ்டிட்யூட்டில் மேசைகள் தாழ்வாக இருக்கும். பாதம் இரண்டும் தரையில் பதிய வேண்டும், முதுகு நேராக இருக்க வேண்டும், மணிக்கட்டு எதன்மேலும் படக் கூடாது. கூன் போட்டு உட்கார்ந்தால் மாஸ்டர் ஒரு மரஸ்கேலை முதுகுக்கும் நாற்காலிக்கும் நடுவே செருகிவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விடுவார். அதனால் தன் உடம்பு எப்படி இருந்தால் விரல் ஓடும் என்பது பொற்கொடிக்கு அத்துப்படி. பின்னால் அவள் செய்த வம்புக்கெல்லாம் இதுதான் முதல்.

தொண்ணூற்றாறில் லட்சுமணசாமியின் கம்ப்யூட்டர் சென்டரில் வேலை கிடைத்தது. லட்சுமணசாமி அதற்கு முன் கல் வியாபாரம் செய்தவர். மேட்டுப்பாளையம் ரோட்டில் கடப்பைக் கல் கடை. கோவையில் புது வீடு கட்டியவர்களில் பாதிப் பேருக்குச் சமையல் மேடை போட்டுக் கொடுத்த மனிதர். தான் போட்ட மேடை ஒன்றில்கூட இருபது வருஷமாகக் கீறல் விழுந்ததில்லை என்பார், அது உண்மையும்கூட. இனிமேல் காலம் கம்ப்யூட்டருக்குத்தான் என்று யாரோ காதில் போட, காந்திபுரத்துக் குறுக்குத் தெரு ஒன்றில் மாடியைப் பிடித்து நாலு கம்ப்யூட்டர் வாங்கிப்போட்டார். மர மேசைக்குத் தச்சர் சொன்ன விலை அவருக்குப் பிடிக்கவில்லை. கடையில் மீந்து கிடந்த பலகைக் கற்களைப் பார்த்தார், தன்னுடைய கொத்தனாரை வரவழைத்தார், சுவரோடு சுவராக ஒரே நீளத்துக்கு மேடை கட்டச் சொல்லிவிட்டார். எவ்வளவு உயரம் என்று கொத்தனார் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. மேடை என்றால் இரண்டு பேருக்கும் தெரிந்த உயரம் ஒன்றே ஒன்றுதான்.

அதன்முன் உட்காருவதற்கு வெல்டிங் பட்டறையில் சொல்லி நாலு இரும்பு ஸ்டூல் செய்து வாங்கினார். முதுகுக்குச் சாய்மானம் கிடையாது. பொற்கொடி ஐந்தடிக்கு அரை அங்குலம் குறைவு. ஏறி உட்கார்ந்தால் கால் இரண்டும் அந்தரத்தில் தொங்கும், அப்படியும் கீபோர்டு நெஞ்சுக்கு நேராக இருக்கும். தோளைத் தூக்கினால்தான் விரல் எட்டும், தலையை அண்ணாந்தால்தான் திரை தெரியும்.

ஏசி இருந்தது, ஆனால் அது கம்ப்யூட்டருக்காக வந்த ஏசி. மனிதர்கள் விறைத்தாலும் குறைக்கக் கூடாது. செருப்பைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே விட வேண்டும். தண்ணீர் பாட்டிலை உள்ளே கொண்டுவரவே கூடாது, சிந்தினால் மிஷின் போய்விடும். ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வாங்கிக்கொண்டது மிஷின்தான். அதன்முன் உட்கார்ந்தவர்களுக்குப் பொரியும் கடலையும் கிடைத்தன.

வாக்காளர் பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை அப்போது வந்திருந்தது. கதவு எண், பெயர், தகப்பன் அல்லது கணவன் பெயர், வயது. காலை ஒன்பதிலிருந்து மாலை ஏழு வரை ஊர் ஊராகப் பெயர்கள். வெள்ளகோவில் பக்கத்து ஊர் ஒன்றில் மட்டும் அறுபத்திரண்டு நஞ்சம்மாள்கள் இருந்தார்கள். பொற்கொடி ஒரு நாளைக்கு நாற்பது தாள் முடித்தாள். மற்ற யாரும் முப்பதைத் தாண்டவில்லை. லட்சுமணசாமி வருகிறவர்களிடமெல்லாம் கண்ணாடிக்கு வெளியே நின்று அவளைக் காட்டிப் பேசுவார்.

ஆறாவது மாதம் கழுத்தில் ஆரம்பித்தது. பிறகு வலது தோள். பிறகு இரண்டு கண்ணும் மிளகாய்ப்பொடி பட்டதாக எரிந்தன. ஒரு நாள் பஸ்ஸில் டிக்கெட்டுக்கு நீட்டிய எட்டணா விரலுக்குள் இருக்கிறதா, விழுந்துவிட்டதா என்றே அவளுக்குத் தெரியவில்லை. கண்டக்டர் "கீழ விட்டுட்டீங்கம்மா" என்ற பிறகுதான் குனிந்து பொறுக்கினாள். விரல்தான் அவளுடைய சொத்து. அந்த விரல் மரத்துப்போனால் அம்மா எந்த வாசலில் நின்றாளோ அந்த வாசலுக்கே இவளும் போக வேண்டியதுதான்.

பக்கத்துக் கம்ப்யூட்டரில் இஸ்மத் இருந்தாள். கோட்டைமேட்டுப் பெண், நல்ல உயரம், வாய் அதைவிட உயரம். அவள் மணிக்கட்டில் ஏற்கெனவே துணிக்கட்டு இருந்தது. தண்ணீர் குடிக்காமல் இருந்தே இரண்டு பேருக்கும் நீர்க்கடுப்பு வந்திருந்தது. இருவரும் வலியைப் பற்றிக் கழிவறைப் பக்கம்தான் பேசிக்கொண்டார்கள். வெயிலில் வேலை செய்து முதுகு போனவளைப் பார்த்தால் ஊர் உச்சுக்கொட்டும். ஏசியில் உட்கார்ந்து முதுகு போனது என்று சொன்னால் அதே ஊர் சிரிக்கும். அந்தச் சிரிப்புக்குப் பயந்து எத்தனை பெண்கள் கழுத்தில் தைலம் தேய்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தார்களோ தெரியாது.

பொற்கொடி அம்மாவுக்குச் சொல்லாமல் ஒரு டாக்டரைப் பார்த்தாள். அவர் கழுத்துக்கு ஒரு பட்டை எழுதினார், பத்து நாளுக்கு மாத்திரை எழுதினார், இந்த வேலையை விட்டுவிடு, எல்லாம் சரியாகிவிடும் என்றார்.

"வேலைய விட்டா கை நல்லாயிரும், செரிங்க டாக்டர். நல்லான கைய வெச்சுட்டு நான் என்ன பண்றதுங்க?" என்று கேட்டாள் பொற்கொடி.

டாக்டர் சீட்டை அவளிடம் நீட்டினார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

நாற்பது தாள் முப்பதாகி, இருபத்தைந்தாகி, இருபத்திரண்டுக்கு வந்தது. கை ஓட மாட்டேன் என்கிறதா அம்மணி என்று லட்சுமணசாமி மரியாதையாகத்தான் கேட்டார். கொங்குநாட்டு மரியாதையில் ஒரு வசதி உண்டு. ஆளை வெளியே தள்ளுவதாக இருந்தாலும் கடைசியில் ஒரு 'ங்க' போட்டுத் தள்ளலாம். இன்னும் ஒரு மாதம் இப்படியே போனால் தன் ஸ்டூலில் வேறொருத்தி இருப்பாள் என்று பொற்கொடிக்குத் தெளிவாகவே தெரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் லட்சுமணசாமி டீ மேடை கட்டினார். டீக்கடைக்குப் போய் வருவதில் வேலை நேரம் வீணாகிறது என்று பின்பக்கத்தில் மிச்சக் கல்லைப் போட்டு, அதே கொத்தனாரை வைத்து ஒரு சின்ன மேடை. மேலே கேஸ் அடுப்பு. பெண்கள் முறை வைத்து டீ போட வேண்டும். அதிலும் ஒரு அநியாயம் இருக்கிறதுதான், ஆனால் அந்த அநியாயம்தான் பொற்கொடிக்குக் கைகொடுத்தது.

அவள் முறை வந்த அன்று பாலைக் கலக்கிக்கொண்டே நின்றாள். பால் பொங்க நேரம் பிடித்தது. நின்றுகொண்டிருந்தவளுக்கு என்னவோ ஒன்று குறைவதாகப் பட்டது. யோசித்துப் பார்த்தால் வலி குறைந்திருந்தது. தோள் தன் இடத்தில் இருந்தது, முழங்கை இன்ஸ்டிட்யூட்டில் மடங்கிய அளவுக்குத்தான் மடங்கியிருந்தது. அடுப்பைத் தணித்துவிட்டு இரண்டு கையையும் கல்லின்மேல் வைத்து, கீபோர்டு இருப்பதாக நினைத்துக்கொண்டு நஞ்சம்மாள் என்று அடித்துப் பார்த்தாள். மணிக்கட்டு எதிலும் இடிக்கவில்லை. டம்ளர் எடுக்க வந்த இஸ்மத், இவளுக்கு முற்றிவிட்டது என்று நினைத்து நின்றுவிட்டாள்.

பொற்கொடி ஸ்கேலை எடுத்துவந்து டீ மேடையை அளந்தாள். முப்பத்து நாலு அங்குலம். உள்ளே போய்க் கம்ப்யூட்டர் மேடையை அளந்தாள். அதே முப்பத்து நாலு.

"ஏ இஸ்மத், இது மேசையே இல்லடி. அடுப்பு மேடை. நம்மளைய அடுப்பு மேடைக்கு முன்னால ஸ்டூல் போட்டு உக்கார வெச்சிருக்காங்க."

இஸ்மத் சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுத் தன் அத்தாவைப் பற்றிச் சொன்னாள். அவள் அப்பா தையல் கடையில் கட்டிங் மாஸ்டர். முப்பது வருஷமாக இடுப்பு உயர மேசையின்முன் நின்றுதான் துணி வெட்டுகிறாராம். கழுத்து வலி என்று படுப்பதெல்லாம் குனிந்து உட்கார்ந்து தைக்கிறவர்கள்தானாம். அப்படியானால் நாம் நின்று அடித்தால் என்ன என்று பொற்கொடி கேட்டதற்கு, நீ முன்னால் போ, நான் பின்னாலேயே வருகிறேன் என்றாள் இஸ்மத். அவ்வளவு வாய் உள்ளவளுக்கும் அந்த இடத்தில் தைரியம் கொஞ்சம் குறைவுதான்.

மறுநாள் காலை பொற்கொடி ஸ்டூலை ஓரமாகத் தள்ளினாள், நின்றாள், அடிக்க ஆரம்பித்தாள். திரை கண்ணுக்கு நேராக வந்தது. கை தானாக ஓடியது.

எல்லாம் அன்றைக்கே சரியாகிவிட்டது என்று கதை விட நான் வரவில்லை. முதல் வாரம் கெண்டைக்கால் கடுத்தது, குதிகால் நெருப்பாக எரிந்தது. அவள் விடவில்லை. கோணிச்சாக்கை நாலாக மடித்துக் காலுக்கடியில் போட்டாள். ஸ்டூலைப் படுக்க வைத்து அதன் கம்பியில் ஒரு காலை மாற்றி மாற்றி ஏற்றி வைத்துக்கொண்டாள். தண்ணீர் பாட்டிலைச் செருப்புகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். அங்கே வைக்கக் கூடாது என்று சட்டம் இல்லையே. அரை மணிக்கு ஒரு தரம் கதவைத் திறந்துகொண்டு போய் இரண்டு வாய் குடித்தாள். குடித்துவிட்டு மாடி ஜன்னலில் நின்று தூரத்தில் பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்பும் டவுன் பஸ்களின் போர்டைப் படித்தாள். பக்கத்திலேயே பார்த்துப் பார்த்துப் புண்ணான கண்ணுக்கு அந்தத் தூரம் மருந்தாக இருந்தது. மதியம் சாப்பாட்டுக்குக் கால் நீட்டித் தரையில் உட்கார்ந்தாள். இரண்டாவது வாரக் கடைசியில் விரலில் உணர்ச்சி திரும்பிவிட்டது. தாள் முப்பத்தெட்டைத் தொட்டது.

லட்சுமணசாமி முதல் இரண்டு நாள் பார்த்தும் பார்க்காதவராக இருந்தார். மூன்றாம் நாள் பக்கத்தில் வந்தார்.

"ஏனுங்க அம்மணி, ஸ்டூலு உடைஞ்சுபோச்சுங்களா?"

"இல்லீங்க சார், நல்லாத்தான் இருக்குதுங்க."

"அப்பறம் எதுக்குங்க நிக்கறீங்க?"

"மேடை நிக்கற உசரத்துல இருக்குதுங்க. அதனால நிக்கறேனுங்க."

மனிதருக்கு முகம் சுண்டிவிட்டது. இருபது வருஷம் கீறல் விழாத பெயரில் இந்தப் பெண் கீறல் போடுகிறாள் என்று பட்டுவிட்டது. கண்ணாடிக்கு வெளியே வருகிறவர்கள் பார்த்தால் இது கம்ப்யூட்டர் சென்டரா, பரோட்டாக் கடையா என்று கேட்பார்கள் என்றார். படித்த ஸ்டாஃப் உட்கார்ந்து வேலை செய்வதுதான் கௌரவம் என்றார். பொற்கொடி தாள் கணக்கைக் காட்டினாள். அவர் அதைப் பார்க்கவே இல்லை. பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு வெள்ளிக்கிழமை முடிவாகச் சொன்னார்.

"நாளைக்கு ஒரு நாள் யோசனை பண்ணிக்குங்க அம்மணி. திங்கக்கிழமை உக்காந்து அடிக்கறதா இருந்தா வாங்க. இல்லீன்னா ஊட்டுலயே இருந்துக்குங்க."

போதாக்குறைக்கு அதே வெள்ளிக்கிழமை மதியம் காலனியிலிருந்து சின்னாத்தாள் காந்திபுரத்துக்குச் சேலை எடுக்க வந்திருந்தாள். மாசாணியம்மாள் அடித்துக்கொண்ட பெருமையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவள். அந்த ஏசி ரூமைத்தான் பார்ப்போமே என்று மாடி ஏறி, கண்ணாடி வழியாகப் பார்த்தாள். மூன்று பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பொற்கொடி மட்டும் நின்றுகொண்டிருந்தாள். சின்னாத்தாள் உள்ளே போகவில்லை. அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள். பொற்கொடி வீடு திரும்புவதற்குள் காலனிக்கே தெரிந்துவிட்டது, மாசாணியின் மகளை அங்கே நிற்க வைத்திருக்கிறார்கள் என்று.

மாசாணியம்மாள் அடுப்பைப் பற்ற வைக்காமல் காத்திருந்தாள். மகள் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டாள்.

"நிக்கறதுக்கா கண்ணு உன்னைய படிக்க வெச்சேன்?"

பொற்கொடி எல்லாவற்றையும் சொன்னாள். கழுத்து, விரல், டாக்டர், மேடை, திங்கட்கிழமை. மாசாணியம்மாளுக்கு ஒன்றும் ஏறவில்லை. உட்கார்ந்தால் யாருக்காவது வலிக்குமா என்று உண்மையாகவே கேட்டாள். அது கிண்டல் இல்லை. நாற்பது வருஷம் நின்றவளுக்கு அப்படி ஒரு வலி உலகத்தில் இருக்கும் என்று நம்ப வழியில்லை.

"பண்ணாடி வாசல்ல உன்னைய அவரு நிக்க வெச்சாரு, நீ நின்ன. இங்க அவரு உக்காரச் சொல்றாரு, நான் நிக்கறேன். ரெண்டும் ஒண்ணு இல்லம்மா. என்ர கையக் காப்பாத்தறதுக்கு நானா நிக்கறேன்."

மாசாணியம்மாள் மகளின் முகத்தை உற்றுப் பார்த்தாள். அவமானப்பட்டு வந்து அதை மறைத்துப் பேசுகிறாள் என்றே முடிவு கட்டினாள். அவளுக்கும் அது பழக்கம்தான். மகள் சின்னவளாக இருந்தபோது, பண்ணாடி வீட்டில் எனக்குக் கட்டிலில் இடம் கொடுத்தார்கள் என்று எத்தனையோ முறை பொய் சொல்லியிருக்கிறாள். அதனால் எழுந்து சோறாக்கப் போய்விட்டாள்.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கண்ணாடிக் கதவு திறந்தது. மாசாணியம்மாள் நல்ல சேலை உடுத்தி, செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்து, கதவோரமாக நின்றாள். ஏசிக் குளிரில் முந்தானையைப் போர்த்திக்கொண்டாள். லட்சுமணசாமி அறையின் நடுவே தன் மெத்தை வைத்த சுழல் நாற்காலியில் இருந்தார். அங்கே மேடை இல்லாமல், சரியான உயரத்தில் ஒரு மர மேசை இருந்தது. தனக்கு மட்டும் தச்சரிடம் செய்துகொண்டது.

"நான் பொற்கொடியோட அம்மாளுங்க. என்ர புள்ளைய நிக்க வெச்சிருக்கறீங்களாமுங்க. அவ என்ன தப்புப் பண்ணியிருந்தாலும் நான் மன்னிப்புக் கேட்டுக்கறேனுங்க. அவளைய உக்கார வெச்சிருங்க."

லட்சுமணசாமி நாற்காலியில் நிமிர்ந்துவிட்டார். நானா நிற்க வைத்தேன், உட்காரு உட்காரு என்று பத்து நாளாகத் தலையில் அடித்துக்கொள்கிறேன், உங்கள் பெண்தான் பிடிவாதம் பிடிக்கிறாள் என்று கொட்டித் தீர்த்தார். மாசாணியம்மாளுக்குத் தலை சுற்றியது. மகள் சொன்னது பொய்யில்லை. முதலாளி உட்காரச் சொல்கிறார், மகள் நிற்கிறாள். இப்படி ஒன்றை அவள் தன் வாழ்நாளில் கேட்டதில்லை. இப்போது இரண்டு பேரும் ஒரே கட்சியாகிப் பொற்கொடியைப் பார்த்தார்கள்.

"சாரு இவ்வளவு சொல்றாங்கல்ல. உக்காரு கண்ணு," என்றாள் மாசாணியம்மாள்.

பொற்கொடிக்கு அந்த நேரத்தில் அழுகை முட்டியது. அம்மாவே எதிர்ப்பக்கம் போன பிறகு யாரிடம் என்ன சொல்வது. ஆனால் அழுதால் தோற்றோம் என்று தெரியும். ஓரத்தில் கிடந்த ஸ்டூலைத் தூக்கி மேடையின்முன் வைத்தாள். ஏறவில்லை.

"நான் உக்காரறேனுங்க சார். ஆனா ஒண்ணுங்க. நீங்க மொதல்ல இதுல ஏறி ஒரு மணி நேரம் உக்காந்து அடிச்சுக் காட்டுங்க. வலிக்கலைன்னு எறங்குனீங்கன்னா, திங்கக்கிழமையிலிருந்து நான் சாகற வரைக்கும் உக்காந்தே அடிக்கறேன்."

இஸ்மத் திரும்பிப் பார்த்தாள். லட்சுமணசாமிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தான் கட்டிய மேடை, தான் செய்த ஸ்டூல்.

"ஒரு மணி நேரமென்னங்க, பொழுதுக்கும் உக்காருவேன்," என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்து வந்து ஸ்டூலில் ஏறினார். சுவர்க் கடிகாரத்தில் அப்போது பதினொன்று பத்து.

முதல் பெயர் ரங்கநாயகி. இரண்டே விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடிக் குத்தினார். பொற்கொடி பக்கத்தில் நின்று கை கட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா இன்னும் கதவோரமாகவே நிற்பது அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது. காலியாகக் கிடந்த சுழல் நாற்காலியை இழுத்துக்கொண்டுபோய் அம்மாவின் முன்னால் போட்டாள்.

"உக்காரும்மா."

மாசாணியம்மாள் பயந்துபோய் லட்சுமணசாமியின் முதுகைப் பார்த்தாள். அவரால் திரும்ப முடியவில்லை. திரும்பினால் எழுத்து போய்விடும். நுனியில் தொட்டும் தொடாமலும் உட்கார்ந்தாள். மெத்தை அழுந்தியது. பாதம் இரண்டும் தரையில் பதிந்தன. கொஞ்ச நேரம் கழித்து, யாரும் எதுவும் சொல்லவில்லை என்று உறுதியானதும், முதுகைச் சாய்த்தாள்.

அங்கிருந்து அவளுக்கு எல்லாம் தெரிந்தது. பத்தாவது நிமிஷம் லட்சுமணசாமியின் தோள் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் ஏறிவிட்டன. பதினைந்தாவது நிமிஷம் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு பின்பக்கத்தை இப்படி ஒருமுறை அப்படி ஒருமுறை மாற்றினார். தொங்கிய காலை ஆட்டினார், சுவரில் முட்டுக் கொடுத்துப் பார்த்தார். பெரிய உடம்பு, சின்ன ஸ்டூல். களை எடுக்கிற பெண்களில் யாருக்கு எங்கே வலிக்கிறது என்று அவர்கள் முதுகைப் பார்த்தே சொல்லிவிடக் கூடியவள் மாசாணியம்மாள். அவள் அந்த முதுகைப் பார்த்தாள். பிறகு மகளின் கழுத்தைப் பார்த்தாள். பத்து மாதம் இந்தப் பிள்ளை இதிலா இருந்தது என்று நினைத்துக்கொண்டாள். உட்கார்ந்தால் வலிக்குமா என்று நேற்று கேட்ட கேள்விக்கு அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

பதினொன்று நாற்பத்தைந்துக்கு லட்சுமணசாமி நிறுத்தினார். ஒரு தாள்கூட முடியவில்லை. மெதுவாக ஸ்டூலை விட்டு இறங்கினார். இறங்கின கால் தரையைத் தாங்கவில்லை. இரண்டு காலும் மரத்துப்போயிருந்தன. கீழே விழாமல் தன் கல்மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். இஸ்மத் சிரிப்பை அடக்கத் துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டாள்.

"திங்கக்கிழமை வாங்க அம்மணி," என்றார் யாரையும் பார்க்காமல். "எப்படி வேணுமோ அப்படியே அடிச்சுக்குங்க."

சொல்லிவிட்டுத் தன் நாற்காலிக்காகத் திரும்பினார். நாற்காலியில் மாசாணியம்மாள் இருந்தாள்.

முதலாளி எதிரே நிற்கிறார் என்றதும் அவள் உடம்பு பழக்கத்தில் எழப் பார்த்தது. இரண்டு கையும் நாற்காலியின் பிடியை ஊன்றின, உடம்பு பாதி எழும்பியும்விட்டது. அப்போது மகளைப் பார்த்தாள். பொற்கொடி தன் மேடையின்முன் போய் நின்றுகொண்டு, முதுகு நேராக, தோள் தளர்வாக, அடுத்த பெயரை அடிக்கத் தொடங்கியிருந்தாள். மாசாணியம்மாள் பிடியிலிருந்து கையை எடுத்தாள். நிதானமாக, நன்றாகச் சாய்ந்து, மறுபடியும் உட்கார்ந்தாள்.

"காலு மரத்துப்போச்சுங்களா?" என்று லட்சுமணசாமியிடம் அக்கறையாகக் கேட்டாள். "ஒரு நாழி அப்படியே நில்லுங்க. செரியாப் போயிரும்."